டாக்டர் மாப்பிள்ளைக்கு ரொட்டி மாஸ்டர் கை

போன வாரம் கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. நான் படக்கதை போடுகிறவன் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை என்னை மேடைக்கு இழுத்து, "அங்கிள், எங்க ரெண்டு பேரையும் வரைஞ்சு கொடுங்க லா, கை கோத்து நிக்கிற மாதிரி" என்றான். ஏர்கான் சில்லென்று ஓடியது. எனக்கு மட்டும் முதுகெல்லாம் வியர்வை. ஐம்பத்து நாலு வயதாகியும், கை வரையச் சொன்னால் தப்பிக்க வழி தேடுகிறவன் நான்.

உங்களிடம் சொல்வதற்கென்ன? எனக்குக் கை வரைய வராது. நான் போட்டால் அது மணிக்கட்டில் தொங்கும் வாழைப்பழச் சீப்பு. இந்த லட்சணத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியறையில் நடந்த வாரப் பத்திரிகையில் இரண்டு வருஷம் தொடர் படக்கதை ஓட்டினேன். எல்லாம் திருட்டுத்தனம். என் கதாநாயகன் டாக்டர். எந்நேரமும் கோட்டுப் பாக்கெட்டில் கை. நாடியைக்கூடப் பிடிக்காமல் முகத்தைப் பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவார். காதலி மல்லிகா அழுதால் தூணுக்குப் பின்னால் நின்றுதான் அழுவாள். காப்பார் ஊர்ச் செம்பனைத் தோட்டத்தில் பெரிய சண்டை, அத்தனையும் உதை. ஒரு குத்துகூடக் கிடையாது. "டாக்டர் ரொம்ப ஸ்டைல்" என்று ஒரு வாசகி எழுதினார். வெட்கமில்லாமல் நன்றி சொல்லிப் பதில் போட்டேன்.

ஒரு திங்கட்கிழமை எடிட்டர் அக்கா கூப்பிட்டார். நாங்கள் கூப்பிடுவது அக்கா என்றாலும் குரல் போலீஸ் குரல்.

"அடுத்த இதழ்ல டாக்டருக்கும் மல்லிகாவுக்கும் கல்யாணம். முழுப் பக்கம். தாலி கட்டுற கை மட்டும் பெருசா வேணும்."

"அக்கா, மாலையை மட்டும் காட்டினா…"

"கை வேணும். முடியாதுன்னா சொல்லிடு, இனிமே அந்தப் பக்கத்துல ராசிபலன் போட்டுக்கறேன்."

ராசிபலனிடம் தோற்பதா! வீட்டில் என் கையையே பார்த்து வரைய உட்கார்ந்தேன். தாலி கட்ட இரண்டு கை வேண்டும். ஒரு கையில் பேனா இருக்கிறதே. மூன்று நாள் பெட்டி பெட்டியாக வாழைப்பழம்தான் விளைந்தது.

வியாழன் காலை, பக்கம் கொடுக்க ஒரே நாள் பாக்கி. ஆபீஸுக்குக் கீழே இருந்த கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தேன். கல்லில் மார்ஜரின் புகைந்தது. ராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்திருந்த ரொட்டி மாஸ்டர் பாய், மாவின் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளி இழுத்தார். முடிச்சுப் போடுகிற விரல்!

"பாய், கையை ரெண்டு நிமிஷம் அப்படியே வச்சுக்கறீங்களா?"

"ஏன் தம்பி, ரேகை பாக்கப் போறியளா? ரொட்டி கருகுது!"

விஷயத்தைச் சொன்னேன். பாய் ஒரு பார்சல் டீப் பையை எடுத்து, அதன் கழுத்தில் ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் பயபக்தியோடு மூன்று முடிச்சுப் போட்டார். பின்னால் நின்றவர்கள் கத்தக் கத்த வரைந்தேன்.

அக்கா பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "கை அருமைடா. ஆனா டாக்டருக்கு ஏன் லா இவ்வளவு சூட்டுத் தழும்பு?"

பதற்றத்தில் ஒரு தழும்பு விடாமல் போட்டிருக்கிறேன்!

"அவர்… படிக்கிறப்ப சாப்பாட்டுக் கடையில வேலை பாத்தாரு அக்கா." வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

"அப்படியா? அதையும் கதையில கொண்டு வா" என்றார் அக்கா. என் பக்கம் பிழைத்தது.

பாய் ஓர் இதழை ஊருக்கு அனுப்பினார். "பேருகூடப் போடல தம்பி. தழும்பை வச்சே நம்ம வீட்டுல கண்டுபுடிச்சிருச்சு" என்று இரண்டு வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

எனக்குத் திமிர் ஏறிவிட்டது. அன்றிலிருந்து போலீஸ், பேய், மல்லிகாவின் மாமியார், எல்லாருக்கும் பாயின் கைதான். பெர்மிட் முடிந்து பாய் ஊருக்குப் போனார். பிறகு பத்திரிகை நின்றது. அந்தக் கடையில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள்.

கிள்ளான் மாப்பிள்ளைக்கும் பாயின் கையையே போட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன். நேற்று, பாயையே முழுசாக வரையலாமென்று உட்கார்ந்தேன். கை இரண்டும் ஐந்தே நிமிஷத்தில் வந்துவிட்டன, கட்டைவிரல் வெட்டு உட்பட. கழுத்துக்கு மேலே வெறும் தாள். தாடி இருந்ததா? கண்ணாடி போட்டிருந்தாரா? அத்தனை காலையும் எதிரே நின்று, கையை மட்டுமே பார்த்திருக்கிறேன். ஒரு தொப்பியைப் போட்டுப் பார்த்தேன். அதற்குக் கீழே யாரோ வந்து நின்றார். பாய் இல்லை.