இரண்டேகால் டிகிரி கடல்

என் அக்காவுக்கு ஊரில் முக்காலி என்று பெயர். வைத்தவன் யாரென்று தெரிந்திருந்தால் நான் போய்ச் சண்டை போட்டிருப்பேன். அவளுக்கோ அந்தப் பெயர் பிடித்துப் போயிற்று. தோளில் எந்நேரமும் கேமராவின் முக்காலி, பேச்சில் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இரண்டையும் சேர்த்து ஒரே பெயரில் கணக்கை முடித்துவிட்டார்கள்.

கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம், அவ்வளவுதான். ஒரு ஸ்டூல், பின்னால் வெள்ளைத் துணி, சுவரில் கண்ணாடி, யாரும் எடுத்துப் போகாதபடி நூலில் கட்டிய சீப்பு. படம் எடுப்பது அக்கா. உள்ளறையில் கணினி முன் உட்கார்ந்து, திருத்தி, அச்சடித்துக் கொடுப்பது நான். காலையிலிருந்து மாலை வரை எனக்கு அவள் குரல்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

"நேரா உட்காருங்க. தாடைய இறக்குங்க. காது தெரியணும். சிரிக்காதீங்க, சிரிச்சா திருப்பி அனுப்பிடுவாங்க."

கல்யாணமாகிப் போன வீட்டிலிருந்து ஐந்தாம் வருடம் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள் அவள். ஏன் என்று உறவுக்காரர்கள் துளைத்தெடுத்தார்கள். "அங்க ஜன்னலத் திறக்க விடல" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு சின்ன ஜன்னலுக்காக வாழ்க்கையை உதறுவாளா என்று ஊர் சிரித்தது. என் அக்காவைத் தெரிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமையானால் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவாள். கடற்கரை என்றால் மணலும் காற்று வாங்குவோர் கூட்டமும் உள்ள இடம் இல்லை. ஊருக்கு வடக்கே மலை நேராகக் கடலில் இறங்கும் இடம். மணலே கிடையாது. கறுத்த பாறைகள், அவற்றை நாள் முழுக்க அறையும் அலை. அதில் கப்பல் தளம் போல் நீண்டு நிற்கும் ஒரு பெரிய பாறையின் மேல், உளியும் சுத்தியலும் எடுத்துப் போய் அவளே மூன்று குழி வெட்டினாள். கட்டைவிரல் ஆழம். முக்காலியின் மூன்று கால்களும் அந்தக் குழிகளில்தான் இறங்க வேண்டும். கால்களின் உயரத்தைப் பசை வைத்து ஒட்டிவிட்டாள். கேமரா உட்காரும் திருகுகளையும் இறுக்கிப் பசை வைத்துவிட்டாள். ஒன்பது வருடம், ஒரே இடம், ஒரே சட்டகம். கீழே ஓரத்தில் அந்தப் பாறையின் மூக்கு, மேலே கடல், அதற்கு மேல் வானம். மாறுவது வெளிச்சமும் வானிலையும் மட்டும்.

சூரியன் மறைவதை மட்டும் எடுக்க மாட்டாள். "அத எவன் வேணா எடுப்பான்" என்பாள். அவளுக்கு வேண்டியது மழை வந்து சேர்வதற்கு முந்தைய கால் மணி நேரம். தூரத்தில் கடல் ஈயம் போல இருண்டு வரும். பக்கத்தில் நுரை மட்டும் வெள்ளையாகவே இருக்கும். மேகத்தில் எங்கோ ஒரு கிழிசல் விழுந்து, அதன் வழியே வெயில் ஒரு கீற்றாக இறங்கித் தண்ணீரின் மேல் நடந்து போகும். சில நாள் மூடுபனி வந்து கடலையே காணாமல் அடித்துவிடும். அப்போதும் எடுப்பாள். காற்றில் முக்காலி சாயாமலிருக்க அதன் நடுவில் கல் நிரப்பிய வாளியைத் தொங்கவிடுவாள், கேமராவுக்குக் குளியலறைத் திரையைக் கிழித்துச் சுற்றுவாள். இரண்டு முறை நானும் வாளி தூக்கிக்கொண்டு போனேன். இரண்டாம் முறை ஓர் அலை முழங்கால் வரை நனைத்துவிட்டுப் போனது. அதோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டேன்.

இனி என் குற்றம்.

அவள் எடுத்து வரும் படங்களை நான்தான் கணினியில் ஏற்றி அச்சடித்துக் கொடுப்பேன். மூன்றாம் வருடத்தில் ஒருநாள் பார்த்தேன், கடல்கோடு லேசாக வலப்பக்கம் இறங்கி இருந்தது. படம் பிடிக்கத் தெரிந்த எவனும் கடலைக் கோணலாக விட மாட்டான். தொழிலில் அது முதல் பாடம். பாவம், கை தவறியிருக்கிறது என்று நினைத்து, கொஞ்சம் திருப்பி நேராக்கி, ஓரத்தை வெட்டி அச்சடித்தேன். அவளிடம் சொல்லவில்லை. அடுத்த மாதமும் கோணல். அதையும் நேராக்கினேன். வருடம் போகப் போகக் கோணல் கூடியது. அக்காவுக்கு வயதாகிறது, கண் மங்குகிறது என்று முடிவு கட்டினேன். சொன்னால் மனம் உடைந்து போவாள் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டே வந்தேன். அவள் மேல் இருந்த பாசம்தான் காரணம். கூடவே கொஞ்சம் இளக்காரமும் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பதாம் வருடம் புகைப்படச் சங்கத்துப் போட்டிக்கு அவளே நேராகக் கேமராவிலிருந்து ஒரு படத்தை அனுப்பினாள். என் கை படவில்லை. நடுவர் எல்லார் முன்னாலும் அதைத் திரையில் போட்டு, "கடல் தண்ணியெல்லாம் ஒரு பக்கமா ஊத்திடும் போல இருக்கே" என்றாராம். சபை சிரித்திருக்கிறது. கோணலை நேராக்கி அடுத்த வருடம் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

அக்கா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளறை வாசலில் நின்றாள்.

"எனக்கு அச்சடிச்சுக் குடுத்ததெல்லாம் நேராத்தானடா இருந்துச்சு?"

"நான்தான் நேராக்கினேன்."

"எத்தன படம்?"

"ஆறு வருஷமா. எல்லாத்தையும்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. முகம் சுருங்கிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள், படம் எடுக்க வந்தவள் போல. "என் கை ஆடுதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"வருத்தப்படுவேன்னுதான்..."

"குழியில காலு. உயரம் ஒட்டினது. திருகு ஒட்டினது. ஆடுறதுக்கு என் கையில என்னடா இருக்கு?" என்றவள் சட்டென்று எழுந்தாள். "எவ்வளவு திருப்பினே?"

நான் திருப்பிய அளவு ஒவ்வொரு படத்தோடும் கணினியில் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தோம். மூன்றாம் வருடம் கால் டிகிரி. ஐந்தாம் வருடம் அரை. ஏழாம் வருடம் ஒன்று. போன மாதம் இரண்டேகால். கை தவறினால் ஒருநாள் இப்படி, ஒருநாள் அப்படி இருக்கும். இது படி இறங்குவது போல ஒரே பக்கமாக இறங்கியிருந்தது. கீழ் ஓரத்துப் பாறை மூக்கு மட்டும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில், இம்மி பிசகாமல்.

கேமரா சாயவில்லை. கேமரா நின்ற பாறையே சாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பாறை மேல்தான் சுற்றுலா அலுவலகம் காட்சி மேடை கட்டி முடித்திருந்தது. கான்கிரீட் தளம், சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி. அக்கா கத்திச் சண்டை போட்டதால் அவளுடைய மூன்று குழிகளை மட்டும் தளத்துக்கு முன்னால் மூடாமல் விட்டிருந்தார்கள். இன்னும் பத்து நாளில் திறப்பு விழா. அன்றைக்கு இருநூறு பேரை அதன் மேல் ஏற்றப்போகிறார்கள். அங்கே வருகிறவர்களைப் படம் எடுத்துக் கொடுக்கும் கடை எனக்குத்தான் கிடைத்திருந்தது. பலகைகூட எழுதி வாங்கிவிட்டேன்.

மறுநாளே படங்களை எடுத்துக்கொண்டு அக்கா மேடை கட்டிய பொறியாளரைப் பார்க்கப் போனாள். அவர் இரண்டு படத்தைப் புரட்டிவிட்டு, "அம்மா, போட்டியிலயே கோணல்னு சொல்லிட்டாங்களாமே" என்றார். செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "அந்தப் பாறை எத்தனை காலமா நிக்குது. உங்க தம்பிகூடத்தான் அங்க கடை போடறாரு. அவருக்கு இல்லாத பயம் உங்களுக்கு எதுக்கு?"

வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். அந்தக் கடையை விட எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. அவளுக்கும் அது தெரியும். பத்து நாளும் என்னோடு பேசவில்லை. அலுவலகத்துக்கு மட்டும் தினமும் போனாள். எருமை மேல் மழை பெய்த கதைதான்.

திறப்பு விழாவன்று வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது. நான் பலகையைத் தூக்கிக்கொண்டு போனபோது மேடைக்கு ஏறும் வாசல் நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முன்னால் முக்காலியை விரித்து வைத்து வழியை அடைத்திருந்தாள். கட்டியிருந்த ரிப்பனுக்கு இந்தப் பக்கம் கூட்டம். குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு பலர்.

"அம்மா, எழுந்திருங்க. மானத்த வாங்காதீங்க" என்றார் பொறியாளர்.

"யார் மானம் போகுதுன்னு அப்புறம் பாக்கலாம். ஒருத்தரும் மேல ஏறக் கூடாது."

கூட்டத்தில் யாரோ, "முக்காலிக்கு இன்னைக்கு நாலாவது காலும் முளைச்சிடுச்சு" என்றான். சிரிப்பு. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. காற்று அவள் முடியைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

பொறியாளர் என்னைப் பார்த்துவிட்டார். "நீங்களே சொல்லுங்க. படத்தையெல்லாம் திருத்தினது நீங்கதான? அவங்க எடுத்தது கோணல்தான?"

இருநூறு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். கையில் என் கடைப் பலகை. அக்கா மட்டும் கடலைப் பார்த்தபடி இருந்தாள். நான் உண்மையைச் சொல்வேன் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை. அது என்னைச் சுட்டது.

பலகையைக் கீழே வைத்தேன். "ஆறு வருஷம் திருத்தினேன் சார். எங்க அக்கா கை ஆடுதுன்னு நினைச்சேன். நான் முட்டாள். ஆடினது நீங்க தளம் போட்ட பாறை."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தளம் போட்ட கொத்தனார் விழாச் சட்டை போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். பொறியாளர் அவரைக் கூப்பிட்டு, "ஆறு மாசம் முன்னாடி ரசமட்டம் வச்சுத்தான போட்டீங்க? இவங்க கண் முன்னாலயே வச்சுக் காட்டுங்க, பிரச்சினை முடியட்டும்" என்றார்.

"குமிழி நடுவுல நின்னாத்தான் சார் நான் கையெடுப்பேன்" என்றார் கொத்தனார் ரோஷத்தோடு. சைக்கிள் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வந்தார். அக்கா முக்காலியை நகர்த்தி அவருக்கு மட்டும் வழி விட்டாள்.

தளத்தின் மேல் வைத்தார். குனிந்து பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். பிறகு ரசமட்டத்தை எடுத்து, முனை மாற்றித் திருப்பி வைத்தார். கருவியே பழுதென்றால் அப்போது குமிழி எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். ஓடவில்லை. கடைசி வரை வலப்பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றது. ரசமட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாதத்தை மெல்ல மெல்ல வைத்துப் பாறையை விட்டு இறங்கி வந்தார். குழந்தை வைத்திருந்தவர்கள் முதலில் பின்வாங்கினார்கள்.

மேடையைப் பூட்டினார்கள். பாறைக்குப் போகும் வழியையும் வேலி போட்டு அடைத்தார்கள். அக்காவின் மூன்று குழிகளும் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. என் கடையும் போயிற்று. பாறை இன்னும் விழவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாள் என்று ஊரில் இன்றும் பேசுகிறார்கள். "விழுந்தப்புறம் சொல்றதுக்கு நான் எதுக்கு?" என்கிறாள் அவள். பக்கத்துப் பாறையில் புதிதாக மூன்று குழி வெட்டியாயிற்று. இந்த முறை வாளியையும் உளியையும் நான் தூக்கிப் போனேன்.

போட்டியில் சிரித்தார்களே, அந்தப் படத்தை நேராக்காமல் அப்படியே பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு ஸ்டுடியோ முன்னறையில் மாட்டினேன். வருகிறவர்களுக்கு அதைக் கண்டால் கை சும்மா இருப்பதில்லை. சட்டம்தான் கோணல் என்று நினைத்து எழுந்து போய் ஒரு பக்கம் தூக்கிச் சரிசெய்கிறார்கள். கடல் நேராகிவிடும், சட்டம் சாய்ந்துவிடும். அக்கா கேமராவை விட்டு வந்து சட்டத்தை நேராக வைப்பாள். கடல் மறுபடி இரண்டேகால் டிகிரி சாயும்.

"அது அப்படித்தான் இருக்கும். நீங்க நேரா உட்காருங்க" என்பாள்.

போன வாரம் ஒரே நாளில் ஏழு பேர் கை வைத்தார்கள். எட்டாவது ஆள் வருவதற்குள் நான் உள்ளறையிலிருந்து சுத்தியலோடு வந்து, சட்டத்தின் நான்கு மூலையிலும் ஆணி அடித்தேன்.