நட்சத்திர மீனுக்கு ஒரு ரக்ரர் ரியூப்

எண்பதாம் ஆண்டு, வெயில் கொளுத்திய ஆவணி மாதம். கிளிநொச்சியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. மனைவி முல்லைத்தீவுக் கடற்கரைப் பெண். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது தங்க வேண்டுமானால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவள் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். சாப்பாடு இறங்காது. எனக்குக் கோபம் வரும். எனக்குக் கவலையும் கோபமாகத்தான் வரும்.

கடலுக்குப் போகும் அவளுடைய தம்பி, வலையில் வந்த செம்மஞ்சள் நட்சத்திர மீன் ஒன்றைக் கடல்நீரோடு பிளாஸ்டிக் கானில் கொண்டுவந்தான். படத்துக்குக் கண்ணாடி போடுபவரிடம் ஒரு தொட்டி செய்வித்துக் கட்டிலருகே வைத்தேன். கிழமைதோறும் அவன் அதற்குத் தீனியாக மட்டிச் சிப்பியும் புதுக் கடல்நீரும் பஸ்ஸில் கொண்டுவருவான். பின்னேர வெயில் தொட்டியில் பட்டால் கூரை முகடெல்லாம் நீரின் வெளிச்சம் அசையும். அதைப் பார்த்துக்கொண்டு நாலு பிடி சாப்பிடுவாள்.

ஒரு கிழமை கடல் பொல்லாதென்று அவன் வரவில்லை. தொட்டி நீர் வற்றி இறங்கிவிட்டது. கண்ணாடியில் ஒட்டியிருந்த மீன் கழன்று விழுந்து துவண்டு கிடந்தது. கடல் பிராணிக்கு உப்புத்தானே வேண்டும் என்று ஆனையிறவு உப்பைக் கைநிறைய அள்ளினேன்.

"இஞ்சேருங்கோ, கருவாடு போடப்போறியளோ? வெயில் குடிச்சது தண்ணியை மட்டும். உப்பு அதுக்குள்ளதான் கிடக்கு. கிணத்துத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்கோ" என்று கட்டிலில் கிடந்தபடி தடுத்தாள்.

விட்டேன். மீன் அசையவில்லை. அவள் நீரைக் கையால் கலக்கவென்று ஒரு காலை நிலத்தில் வைத்துவிட்டாள்.

"காலை எடு மேலை!" என்று கத்தினேன்.

"கடலிலை அலை அடிக்கும், காத்து இருக்கும். இது செத்த தண்ணி. ஆர் கலக்கிறது?"

"நீ கிட. காத்து என்ரை தொழில்."

கடையில் கிடந்த, உழவு இயந்திரச் சக்கரத்து ரக்ரர் ரியூபுக்குக் காற்று அடித்தேன். அதன் வாயில் மெல்லிய றப்பர்க் குழாயான வால்வு ரியூபை மாட்டி, மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டேன். காற்றுப் போகாமல் அடைப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவன், அன்று அதை மெல்லப் போகவிட, நூலால் இறுக்கியும் தளர்த்தியும் குந்தியிருந்தேன். குமிழிகள் மணி மணியாக மேலே வந்தன. முகட்டில் மறுபடி நீர் அசைந்தது. கட்டில், நான், அவள் எல்லாம் கடலுக்கு அடியில் கிடப்பது போல இருந்தது. கடை வாசலில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதுவும் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

பொழுது சாய, மீனின் ஒரு கை நுனி மடங்கியது. பிறகு மெல்லக் கண்ணாடியைத் தொட்டது. பிடித்தது.

"இவ்வளவு நேரம் ஏசாமல் இருந்தியள். அதுதான் எழும்பிட்டுது" என்று சிரித்தாள்.

மாரி மழை தொடங்க மகள் பிறந்தாள். மீனை மச்சான் கொண்டுபோய்க் கடலில் விட்டான். கோபம் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் ரியூபில் காற்று இறங்கும் சத்தத்துக்குச் சைக்கிள்காரர்கள் முகம் சுளிக்கும்போது, எனக்கு மட்டும் அது இன்றைக்கும் ஓர் உயிர் மூச்சு விடும் சத்தமாகவே கேட்கிறது.