தற்காலிகப் பெயர்

பேய்க் கதை என்றால் இரவில்தான் நடக்க வேண்டும் என்பார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. போன வருடம் ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. அன்று பென்னாகரத்தில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இல்லை; மாதாமாதம் பராமரிப்புக்காக நிறுத்துவார்களே, அது. நேரங்களை அன்று மாலையே என் மகளின் பள்ளி நோட்டில் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தேன். மற்றதெல்லாம் நினைவிலிருந்து எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. சேர்க்காமலே போதுமான அளவு இருக்கிறது.

என் பெயர் பானுமதி. என் கணவர் மாதவராஜும் நானும் பெங்களூரில் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தோம். கொரோனா காலத்தில் பென்னாகரம் வந்தவர்கள், வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகு திரும்பிப் போகவில்லை. அந்த வருடம் பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, சேலத்தில் என் தோழி வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பினோம். மகள் காவியாவை மாமியாரிடம் விட்டிருந்தோம். சாப்பாட்டு நேரத்துக்காவது போய்விட வேண்டும் என்று பேசிக்கொண்டே போனோம். அவர் எப்போதும் போடும் கண்ணாடியோடு, நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அவர் திடீரென்று, "பானு, யாரோ நிக்கறாங்க பாரு" என்றார்.

பார்த்தேன். சாலையில் யாரும் இல்லை.

பிரேக்கை மிதித்து ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தார். தடுப்புச் சுவர். எனக்குத் தோள்பட்டை எலும்பு போனது. அவர் போய்விட்டார். காருக்குள் கடிகாரம் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. 12.52.

என்னை வெளியே இழுத்தவர் தஸ்தகீர் பாய். அந்த வளைவுக்குக் கீழே பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் என் கணவரின் பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தபோது அதில் ஒரு செருப்புதான் இருந்தது. இன்னொன்றை பாய் இரண்டு நாள் அந்தச் சரிவெல்லாம் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

ஓட்டியவர் கண் அயர்ந்துவிட்டார் என்று எழுதி விசாரணையை முடித்துவிட்டார்கள். என் மாமியார் மாதம்மாள் ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினார். "பக்கத்துல உக்காந்துகிட்டு, தூங்கினவன எழுப்பக்கூட இல்லயா நீ?" அதற்குப் பிறகு பேசவில்லை.

அவர் தூங்கவில்லை. யாரையோ பார்த்தார். யாரை? ஐந்து மாதம் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. அது ஒன்று தெரிந்தால் போதும்.

எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலை இயந்திரங்களை இயக்குவதற்கென்று எங்கள் நிறுவனம் சொந்தமாக ஒரு நிரல் மொழி வைத்திருக்கிறது. அதில் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். மாற்றுவதற்கு முன்னால் அது ஒவ்வொரு பெயரையும் பிடித்து, நீ என்ன வகை, எண்ணா, எழுத்தா என்று விசாரிக்கும். ஒரு பெயர், என்னைப் பற்றி அவளிடம் கேள் என்று இன்னொன்றைக் கைகாட்டலாம். அவள் வேறொருவரைக் காட்டலாம். கடைசியில் யாராவது நேராகப் பதில் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் பதில் கிடைத்துவிடும். அவள் திரும்பவும் முதல் ஆளையே காட்டிவிட்டால்தான் தொல்லை. கம்பைலர் இருவரிடமும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். முடிவே வராது.

அதைச் சரிசெய்வது மாதவராஜின் பொறுப்பு. சோதனைக்காக எழுதும் நிரல்களில் சொந்தக்காரர்களின் பெயர்களைத்தான் வைப்பார். முதல் சோதனையில் தன் அம்மாவையும் என்னையும் ஒருவரையொருவர் கைகாட்ட வைத்திருந்தார். "எங்கம்மாவக் கேட்டா உன்னக் கேளுங்கறாங்க. உன்னக் கேட்டா எங்கம்மாவக் கேளுங்கற. நானே நின்னு போறேன், மெஷின் நிக்காதா?" என்று சிரித்தார்.

"வூட்டு ரகசியத்த பெங்களூர் வரைக்கும் அனுப்பறீங்க" என்றேன்.

அவர் கண்ட வழி எளிமையானது. விசாரிக்கத் தொடங்கிய பெயருக்கு எதிரே 'சரிபார்ப்பில்' என்று ஒரு குறி. விசாரணை முடிந்ததும் 'முடிந்தது'. சரிபார்ப்பில் இருக்கும் பெயருக்கே திரும்ப வந்து சேர்ந்தால், அது சுற்று. அங்கே நிறுத்தி, ஒரு தற்காலிகப் பெயரை உள்ளே போட வேண்டும். எல்லோருக்கும் பதிலாக அது நின்றுகொள்ளும். மற்றவர்கள் முடிந்து வெளியே போய்விடுவார்கள். இந்தக் குறிகள் தமிழில் வரும்படி தன் லேப்டாப்பில் மட்டும் வைத்திருந்தார். பாதி எழுதியிருந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

மிச்சத்தை முடிக்கும் வேலையை ஜூலையில் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று காவியாவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, அவருடைய லேப்டாப்பைக் கூடத்து மேசையில் திறந்தேன். விபத்தில் அதன் மூடியில் ஒரு கீறல் விழுந்ததோடு சரி. வீட்டில் நான் மட்டும்தான். ஃபேன் இல்லை. இணையம் இல்லை. தெருவில் ஒரு மிக்ஸி சத்தம்கூட இல்லை. 11.40-க்கு முதல் சோதனையை ஓட்டினேன். பேட்டரி 61 சதவீதம்.

மாதம்மாள் – சரிபார்ப்பில்.
பானுமதி – சரிபார்ப்பில்.
சுற்று.
தற்காலிகப் பெயர்?

ஏதோ ஓர் எழுத்தைத் தட்டினேன். இரண்டு பெயர்களும் 'முடிந்தது' என்று வந்தன. சரியாக இருந்தது. இன்னும் ஓரிடத்தில் சின்னத் திருத்தம் செய்தேன். 12.18-க்கு மறுபடி ஓட்டினேன்.

மாதம்மாள் – சரிபார்ப்பில்.
பானுமதி – சரிபார்ப்பில்.
மாதவராஜ் – சரிபார்ப்பில்.

அந்த நிரலில் இரண்டே பெயர்கள்தான். திறந்து பார்த்தேன். இரண்டுதான். பழைய சோதனை ஏதாவது உள்ளே தங்கியிருக்கும் என்று எல்லாவற்றையும் அழித்துச் சுத்தம் செய்தேன். 12.26-க்குத் திரும்ப ஓட்டினேன். இந்த முறை மாமியார் இல்லை. நானும் இல்லை.

மாதவராஜ் – சரிபார்ப்பில்.

வழக்கமாக முழு வேலைக்கும் ஒரு நொடிகூட ஆகாது. இப்போது அந்த ஒரு வரியோடு நின்றது. நிறுத்தப் போனேன். அதற்குள் அடுத்த வரி வந்தது.

சின்னராஜ் – சரிபார்ப்பில்.

எங்கள் சொந்தத்தில் சின்னராஜ் என்று யாரும் இல்லை. லேப்டாப் முழுக்கத் தேடினேன். அந்தப் பெயர் எங்குமே இல்லை.

பேட்டரியைப் பார்த்தேன். 61 சதவீதம். முக்கால் மணி நேரமாக அதே 61.

12.31. பின்கட்டில் ஒரு சத்தம்.

சப்.

குழாய் சொட்டுகிறது என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். குழாய் காய்ந்திருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

சப்... கொஞ்சம் இடைவெளி... சப்... இடைவெளி... சப்.

இப்போது அது சமையலறையில் இருந்தது.

12.44. மூன்றாவது பெயர் வந்தது. ஒவ்வோர் எழுத்தாக வந்தது, யாரோ யோசித்துச் சொல்வது போல.

கிருஷ்ணப்பன் – சரிபார்ப்பில்.

வியர்த்துக் கொட்டியது. எழுந்து வெளியே போயிருக்கலாம். வாசற்கதவு திறந்துதான் இருந்தது. நான் போகவில்லை. திரையில் அவர் பெயர் இருந்தது. அவர் பெயருக்கு எதிரே, இன்னும் முடியவில்லை என்று இருந்தது.

சப்...

கூடத்துக்குள்.

12.49.

மாதவராஜ் – சுற்று.
தற்காலிகப் பெயர்?

கேள்விக்குறிக்குப் பக்கத்தில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

சப்...

என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

நான் திரும்பவில்லை.

'பானு' வரை அடித்தேன்.

அழித்தேன்.

3.40-க்குக் காவியாவின் வேன் வரும். வாசலில் நான் நிற்க வேண்டும்.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் இல்லாத பெயராகத் தேடினேன். யாருக்கும் எதுவும் ஆகாத பெயராக. அப்படித்தான் தேடினேன் என்பதை இப்போது மறைக்கவில்லை.

மாரப்பன்.

எண்டர்.

கிருஷ்ணப்பன் – முடிந்தது.
சின்னராஜ் – முடிந்தது.
மாதவராஜ் – முடிந்தது.
மாரப்பன் – சரிபார்ப்பில்.

மணி 12.52. பேட்டரி 61-லிருந்து ஒரே தாவலில் 4-க்குப் போனது. திரை அணைந்தது.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எனக்குப் பயம்கூட இல்லை. மேசையில் தலையை வைத்து, ஐந்து மாதத்தில் முதல் முறையாக வாய்விட்டு அழுதேன். முடிந்தது என்று அவர் பெயருக்கு எதிரே பார்த்துவிட்டேன் அல்லவா. அப்படியே தூங்கிப்போனேன். வேன் ஹாரன்தான் எழுப்பியது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். தூக்கமில்லாத பெண்ணின் மனம், வெயில், புழுக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை 10.20-க்கு தஸ்தகீர் பாய் போன் செய்தார். காவியாவை விசாரித்தார். என் தோளை விசாரித்தார். பிறகு தயங்கினார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு உங்கள வெளிய எடுக்கறப்ப, யாரோ நிக்கறாங்கன்னு அவரு சொன்னாருன்னு சொல்லிட்டே இருந்தீங்களே..."

"ஆமாங்க பாய்."

"செவ்வாக்கெழம அதே எடத்துல ஒரு லாரி. டிரைவர் போயிட்டாரு. கூட வந்த கிளீனர் பொழச்சுகிட்டான். அவனும் அதத்தான் சொல்றான்."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சத்தம் கேட்டு ஓடிப்போய் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாராம். போனில் பார்த்துச் சொன்னார். 12.54.

சின்னராஜ் என்று யாரையாவது தெரியுமா என்று கேட்டேன்.

"உங்களுக்கு முன்ன அங்க போனவரு. ஐப்பசியில. பைக்குல வந்தாரு. உங்களுக்கு யாரு சொன்னா?"

"கிருஷ்ணப்பன்?"

"அவரு அதுக்கு முன்ன. கடத்தூர்க்காரரு, டெம்போ." அவர் குரல் இறங்கியது. "நான்தான் அவரையும் தூக்கினேன். பேப்பர்லகூட வரல தங்கச்சி."

லாரி டிரைவரின் பெயரை நான் கேட்கவில்லை. பாயே சொன்னார். மாரப்பன். மூன்று குழந்தைகளாம்.

அந்தக் கிளீனர் யாரைப் பார்த்தான் என்று மட்டும் கேட்டேன்.

"அவன் யாரையும் பாக்கல. அவன் பாத்தப்ப ரோட்டுல ஆளே இல்லயாம். டிரைவர் சொன்னதத்தான் சொல்றான். கண்ணாடி போட்ட ஆளு, நீலக் கட்டம் போட்ட சட்ட, ஒத்தச் செருப்போட நடு ரோட்டுல நிக்கறான் பாருன்னாராம்."

பாயே தொடர்ந்தார்.

"அந்தச் செருப்ப ரெண்டு நாள் தேடினவன் நான், தங்கச்சி" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் புரிந்தது. சப்... இடைவெளி... சப். ஒரு காலில் செருப்பு. ஒரு கால் வெறுங்கால்.

ஆக, அவர் தூங்கவில்லை. யாரோ நின்றிருந்தார்கள். சின்னராஜ் நின்றிருக்க வேண்டும். எனக்கு வேண்டிய சாட்சி கிடைத்துவிட்டது. என் மாமியாரிடம் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டியிருக்கும்.

லேப்டாப்பைச் சார்ஜ் போட்டு ஒரே ஒரு முறை திறந்தேன். நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பினேன். அந்தத் திருத்தம் இன்றுவரை ஒழுங்காக வேலை செய்கிறது. கடைசி வரி மட்டும் திரையில் அப்படியே இருந்தது. மாரப்பன் – சரிபார்ப்பில். அதற்குக் கீழே, மினுக்கிக்கொண்டு, அடுத்த கேள்வி: தற்காலிகப் பெயர்? மூடி பீரோவில் வைத்துவிட்டேன். சேலம் போக வேண்டியிருந்தால் தொப்பூர் பக்கம் போகாமல் மேச்சேரி வழியாகப் போகிறேன்.

கிளீனர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லையாம். டிரைவர் கண் அயர்ந்துவிட்டார் என்று முடித்துவிட்டார்கள். மாரப்பனின் மனைவி பாயின் கடைக்கு வந்து உட்கார்ந்து அழுதிருக்கிறார். தூங்கிட்டாருன்னு சொல்றாங்களே, அவரு தூங்கற ஆளு இல்லீங்களே என்று. பாய் மனசு கேட்காமல், இதே போல் கணவரைப் பறிகொடுத்த அம்மா ஒருவர் பென்னாகரத்தில் இருக்கிறார் என்று சொல்லி என் எண்ணைக் கொடுத்துவிட்டார்.

மாரப்பனின் மனைவி இதுவரை பதினோரு முறை அழைத்துவிட்டார். நான் எடுக்கவில்லை.

ஒருநாள் எடுக்கத்தான் வேண்டும். உங்கள் கணவர் தூங்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதை அறிந்து சொல்ல என்னைத் தவிர ஆளில்லை.

சொன்னால், அப்படியானால் யாரைப் பார்த்து பிரேக் போட்டார் என்று கேட்பார்.