மாட்டு வண்டிக்குப் பின்னால் ஆம்புலன்ஸ்

பிள்ளைச்சாவடியில் நான் வந்த பஸ் பழுதாகி நிற்கிறது. எதிரே புதுச்சேரி ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. கட்டுமரம் நெஞ்சில் மோதி மூச்சுத் திணறும் ஒரு மீனவரை அதில் ஏற்ற அவர் மனைவி விடவில்லை.

"பொணம் ஏத்துற வண்டி அது. உசுரோட இருக்கிறவர ஏத்த மாட்டேன், நீ போண்ணே!" என்று ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கத்துகிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கணவரை மாட்டு வண்டியில் கிடத்துகிறார்கள்.

டவுனுக்குப் போகவேண்டிய என்னை டிரைவர் முன்சீட்டில் ஏற்றிக்கொள்கிறார். மாட்டு வண்டியின் பின்னாலேயே காலியாக ஊர்கிறோம்.

"அந்தம்மா சொல்றது நெசமா?" என்று தயங்கிக் கேட்கிறேன்.

"நெசந்தான் சார். இந்த ஊருக்குப் பொணத்தத்தான் கொண்டாந்து எறக்கியிருக்கேன். உசுரோட யாரையும் ஏத்துனதில்ல."

பாதி வழியில் மாட்டு வண்டி நின்றுவிடுகிறது. அழுகை எழுகிறது. அந்தப் பெண்ணே நடந்து வந்து ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறக்கிறாள். டிரைவர் வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பவேண்டும், நான் இறங்கிக்கொள்கிறேன்.