மலை தெரியாத சிங்கப்பூர்

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில் ஒரு கடலை எண்ணெய் மில்லில் நான் டைப்பிஸ்ட். மேஜைக்கு நேரே இருந்த சன்னலில் மலை நிறைந்திருக்கும்.

சிங்கப்பூரில் கிளை திறக்க இடம் பார்த்துவர மேனேஜர் கிளம்பினார். வாங்குகிறவர்கள் அங்கே தயாராக இருந்தார்கள். ஒரு வாரம் என்று போனவர் பாதியிலேயே திரும்பிவிட்டார்.

"அங்க டிமாண்டு கம்மி. வேணாம்னு ரிப்போர்ட் அடிச்சிடும்மா," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆர்டரெல்லாம் கையில இருக்குதே சார்?"

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். "ரூமை விட்டு வெளிய வந்தா எந்தப் பக்கம் போறதுனே தெரியலம்மா. எங்க திரும்பினாலும் மலை இல்ல. பயந்துபோய் ரோட்லயே நின்னுட்டேன்."

எங்கள் ஊரில் மலையை வைத்துத்தான் வழி சொல்வோம். அதற்காக நல்ல வியாபாரத்தை விடுவார்களா? மனதுக்குள் திட்டிக்கொண்டே அவர் சொன்னபடி அடித்துக் கொடுத்தேன்.

பிறகு கல்யாணமாகி மெட்ராஸ் போனேன். முதல் நாள் காய் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது வழி தவறியது. தெருமுனையில் நின்று, யோசிக்காமல், அண்ணாந்து மலையைத் தேடினேன்.