முப்பது காலடிப் பாதை

கட்டடம் எழும்புவதற்கு முன்னால் தரையில் முளை அடித்து நூல் கட்டுகிறவன் நான். எழும்பினதும் முதலில் பிடுங்கி எறிவது எங்கள் வேலையைத்தான். படித்தவர்கள் தாளில் ரப்பரால் அழிப்பதை நாங்கள் வெயிலில் குனிந்து அழிக்கிறோம். இந்தத் தொழிலில் இருந்தால் உங்கள் இடுப்புக்கே தெரிந்திருக்கும்.

காலால் அளக்கிறவர்

பினாங்கில் பாலிக் புலாவ் மேட்டில், பழைய ஜாதிக்காய்த் தோட்டத்தில் புத்த தியான மையம் கட்ட ஏற்பாடு. கட்டடத்துக்கு ஆர்க்கிடெக்ட் மிஸ்டர் லிம். மரம், செடி, பாதையெல்லாம் அவர் மனைவி மாலா பொறுப்பு. பினாங்கிலேயே நம்ம டத்தோ கிராமாட் பக்கத்துத் தமிழ்ப் பெண். மனைவியிடம் கற்ற தமிழில்தான் லிம் என்னோடு பேசுவார்.

அங்கே முக்கியமானது ஒரு நேர்ப்பாதை. தியானம் பண்ணுகிறவர்கள் மெல்ல நடந்து, கடைசியில் நின்று, திரும்பி நடப்பார்கள். முப்பது காலடி வேண்டும் என்று மையத்துப் பிக்கு கேட்டிருந்தார். மாலா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்து, ஒரு பெரிய ஜாதிக்காய் மரத்துக்கு நேராக நின்று, அங்கே கடைசி முளையை அடிக்கச் சொன்னார். டேப் இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

"டேப்புக்கு மூச்சு வாங்காதுண்ணே. நடக்கிறவங்களுக்கு வாங்கும்லா."

தப்பாக அடித்த முளை

நாலு மாதத்தில் மாலாவுக்கு நுரையீரலில் புற்று என்று தெரிந்தது. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் வந்து அந்தப் பாதையில் நடப்பார். உட்காராமல் கடைசி முளைவரை போய்விட்டால் அந்த வாரம் முகம் தெளிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை பாதி தாண்டியதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் அவர் வருவதற்கு முன்னால் லிம் வந்து, கடைசி முளையை ஐந்து காலடி உள்ளே தள்ளி அடிக்கச் சொன்னார். பிளானில் அப்படி இல்லையே என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அரை இஞ்ச் தப்புன்னா நான் கத்துவேன், தெரியும். இன்னிக்கு தப்பா அடிங்க அண்ணே. அவகிட்ட சொல்லாதீங்க."

மரத்தைப் பார்க்காத ஆள்

அப்புறம் வாராவாரம் முளை உள்ளே வந்தது. மாலாவும் வாராவாரம் கடைசிவரை போய்ச் சேர்ந்தார். லிம் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டுவார். நான் சுத்தியலைத் துடைப்பது போல் குனிந்துகொள்வேன். முப்பது பதினெட்டாகிவிட்டது.

ஒருநாள் லிம் காருக்குப் பக்கத்தில் போன் பேசிக்கொண்டிருந்தார். மாலா என்னைக் கூப்பிட்டு, தான் காலமான பிறகு முளையைப் பழைய இடத்திலேயே அடித்துவிட வேண்டும், தனக்காகச் சுருக்கின பாதையில் மற்றவர்கள் நடக்கக் கூடாது என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"முளைக்கு நேரா இருந்த ஜாதிக்கா மரம் இப்ப எங்கண்ணே நிக்குது? அவரு கட்டடம் பாக்குற ஆளு, மரத்தைப் பாக்க மாட்டாரு. கை தட்டுறாரே, அதுக்காக நடக்கிறேன். அவர்கிட்ட இப்ப சொல்லிடாதீங்க."

புதுப் பிளான்

மாலா போய் முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் லிம் புதுப் பிளானோடு வந்தார். மனைவி ஞாபகமாகப் பாதை பதினெட்டு காலடிதான் என்றார். மையத்துக் கமிட்டிக்காரர்களும் பாவப்பட்டு ஒத்துக்கொண்டார்களாம். நான் முளையைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

போட்டிருந்த வெள்ளைச் சிலுவார் அழுக்காகுமே என்று பாராமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஜாதிக்காய் மரம்வரை நடந்தார். அங்கே நான் முளை அடித்தேன். பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

"அண்ணே, நான் கை தட்டினேனே... முதல் நாளே அவளுக்குத் தெரியுமா?"

புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ரகசியத்தை என்னிடம் கொடுத்து வைத்ததில், பினாங்கில் முளை அடிக்கிறவர்களிலேயே நம்பிக்கையான ஆள் என்று எனக்கு இப்போது ஒரு பேர்.