ஒரு நேரத்தில் ஒரு போஸ்டர்

பிற்பகல் மூன்று பத்துக்கு என் போனில் என் மகனின் முகம் வந்தது. மேலே சிவப்புப் பட்டை, அதில் மஞ்சள் எழுத்தில் "உயிர் காக்க உதவுங்கள்", கீழே என் கடையின் க்யூஆர் கோடு. பட்டையின் அகலம் முதல் எழுத்தின் நிழல் வரை எல்லாம் நான் வழக்கமாகச் செய்கிற அமைப்பு. ஆனால் அந்தப் போஸ்டரை நான் செய்யவில்லை. செய்யச் சொல்லவும் இல்லை. அப்போது பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். கதிர் உள்ளே தொடை எலும்பு முறிந்து படுத்திருந்தான்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு டிடிபி கடை இருக்கிறது. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ் டிசைன். சில வருடங்களாகச் சிகிச்சைக்கு உதவி கேட்கும் போஸ்டர்களும் இதோடு சேர்ந்துகொண்டன. அவற்றுக்குக் கூலி வாங்குவதில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

போட்டோ

முதலில் கற்றுக்கொண்டது போட்டோவைப் பற்றி. மூக்கில் குழாய் தெரிந்தால் பணம் வேகமாக வரும். நல்ல சட்டை போட்டிருந்தால் வராது. திருமானூர் பக்கத்திலிருந்து கலியபெருமாள் வந்தபோது கையில் மகள் அபிநயாவின் ஆண்டுவிழாப் படம் இருந்தது. பரதநாட்டிய உடை, நெற்றிச்சுட்டி, வாய் நிறையச் சிரிப்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை. இதயத்தில் கோளாறு. திருச்சியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். காப்பீட்டில் வராத செலவை அதற்கு முன்னால் கட்டியாக வேண்டும்.

"ஆஸ்பத்திரியில எடுத்த படம் இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குங்க மேடம். ஆனா அதுல புள்ள அழுவுது." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "சிரிச்சா யாரும் தர மாட்டாங்களா?"

"தருவாங்க. கொஞ்சம் லேட்டா தருவாங்க."

கரும்பு வெட்டுகிற ஆள். தாமதம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அழுகிற படத்தையே எடுத்துக் கொடுத்தார்.

ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று

எங்கள் வட்டாரத்தில் கொடுக்கிறவர்கள் எப்போதும் அதே ஆட்கள்தான். சிங்கப்பூரில் இருக்கும் பையன்கள், சில வாத்தியார்கள், சிமெண்ட் லாரி டிரைவர்கள், கடைக்காரர்கள். அவர்களுக்கும் கடன் இருக்கிறது. ஒரே வாரத்தில் இரண்டு போஸ்டர் போட்டால் இரண்டுமே பாதியில் நின்றுவிடும். ஆகவே எங்கள் வாட்ஸ்அப் உதவிக் குழுவில் ஒரு முறை வைத்திருந்தோம். ஒரு நேரத்தில் ஒரு போஸ்டர்தான். குழுவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும்படி அதை மேலே 'பின்' செய்து வைப்போம். தொகை சேர்ந்ததும் எடுத்துவிட்டு அடுத்ததை ஏற்றுவோம்.

கொடுப்பவர்கள் கண்காணிக்கவும் செய்வார்கள். ஒருமுறை, உதவி வாங்கிய குடும்பம் பரோட்டாக் கடையில் சாப்பிடுவதை எவரோ படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டார். "வைத்தியத்துக்குக் காசு இல்லையாம், சால்னா மட்டும் எறங்குது பாருங்க" என்று கீழே ஒருவர். ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர்கள் எங்கே சாப்பிடுவார்கள்? அந்தக் குடும்பத்துக்கு அதன்பிறகு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

பின்

கதிர் பெரம்பலூரில் கல்லூரி படிக்கிறான். காலையில் பைக்கில் போகும்போது மணலில் சறுக்கி விழுந்துவிட்டான். பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். என் கணவர் லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போயிருந்தார். கழுத்தில் செயின் இருந்தது. அடகு வைத்தால் சமாளித்துவிடலாம் என்று போனில் அவரிடம் சொல்லி முடித்திருந்தேன்.  

போஸ்டரைப் பார்த்ததும் குழு அட்மின் செந்திலைக் கூப்பிட்டேன். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். மதியம் வந்து கதிரைப் பார்த்துவிட்டுப் போனார். அப்போது எடுத்த படம் அது.

"அக்கா, ஒங்க கடைப் பொண்ணுதான் டிசைன் பண்ணிக் குடுத்துச்சு. நீங்க எத்தனை பேருக்குப் போட்டிருக்கீங்க! ஒங்களுக்கு ஊரு செய்யாம யாரு செய்வா?"

"செந்திலு, அபிநயா போஸ்டர் ஓடிக்கிட்டிருக்கே."

"அதைக் கீழ எறக்கிட்டேன். ரெண்டு நாளுதானக்கா. அவங்களுக்கு இன்னும் டைம் இருக்கு."

"அவங்களுக்குத்தான் டைம் இல்ல. எடுத்துடு."

எடுத்தார். ஆனால் அதற்குள் எத்தனையோ குழுக்களுக்குப் போய்விட்டது. போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. கலியபெருமாளுக்கு எத்தனையோ நாளில் வராதது எனக்கு ஒரே மாலையில் வந்தது. என்னைத் தெரியும், அதனால் கொடுத்தார்கள். அவரை யாருக்கும் தெரியாது.

இந்தப் பணத்தைத் தொடப்போவதில்லை என்று கதிரிடம் சொன்னேன்.

"யம்மா, வலி உசுர் போவுது. யாரு காசா இருந்தா என்ன, மொதல்ல கட்டும்மா" என்றான்.

செயினை அடகு வைத்துத்தான் கட்டினேன். வந்த பணத்தை அப்படியே அபிநயாவுக்கு அனுப்பிவிடலாமா என்று குழுவில் கேட்டேன். சிங்கப்பூரிலிருந்து ஒரு பையன் வாய்ஸ் அனுப்பினான்: "அக்கா, நான் கதிருக்குத்தான் போட்டேன். நீங்களா வேற யாருக்கோ மாத்திவிட்டா அது எப்புடி? நாளைக்கி யாருதான் நம்பிக் குடுப்பா?"

அவன் சொன்னதில் தப்பு இல்லை. ஒருவர் பேருக்குக் கேட்டு வாங்கியதை இன்னொருவர் பேருக்குத் திருப்பக் கூடாது என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆகவே கொடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அனுமதி கேட்டேன். சிலர் சரி என்றார்கள். சிலர் தங்கள் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பலர் போனை எடுக்கவில்லை. பெயரே தெரியாத எண்களும் இருந்தன. கதிருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தபோதும் நான் போனும் கையுமாகத்தான் நின்றேன். அந்த அலைச்சலில் அபிநயாவின் போஸ்டரை மறுபடி மேலே ஏற்றச் சொல்ல மறந்துபோனேன். சரி என்றவர்கள் கொடுத்ததை மட்டும் கலியபெருமாளுக்கு அனுப்ப முடிந்தது. அது போதவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. படம் நன்றாக இருப்பதும் எழுத்து உருக்கமாக இருப்பதும் பெரிய விஷயம் இல்லை. ஒரு முகத்தை மேலே ஏற்றும்போது எந்த முகம் கீழே போகிறது என்று பாருங்கள். கீழே போகிறவருக்குப் போன் செய்து சொல்லாமல் ஏற்றாதீர்கள். வேண்டியவர் வீட்டுக் காரியம் என்றால், அதை முடிவு செய்யும் இடத்தில் நீங்கள் இருக்காதீர்கள். கொடுப்பவரிடம் முதலிலேயே கேட்டு வையுங்கள்: மிஞ்சினால், தேவைப்படாமல் போனால், அடுத்தவருக்குத் தரலாமா? இந்த ஒரு வரி எங்கள் போஸ்டர் எதிலும் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

கதிரை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். என் கணவர் வந்துவிட்டார். குழுவிலிருந்தும் யார் யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் போன பிறகு கலியபெருமாள் வந்தார். திருமானூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஒரு கவரில் ரொட்டியும் ஆரஞ்சும். கட்டில் அருகே நின்று கதிரின் காலைப் பார்த்தார்.

"தம்பி சாப்புடுதுங்களா?"

"சாப்புடுறான். நீங்க ஒக்காருங்க. பாப்பாவுக்கு என்ன சொன்னாங்க?"

"தேதி போயிடுச்சுங்க மேடம். வேற புள்ளைக்குக் குடுத்துட்டாங்க. அடுத்த மாசம் பாக்கலாம்னாங்க."

உட்காரவில்லை. கவரை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, என் கணவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தம்பியோடது முடிஞ்சிருச்சுன்னா, பாப்பாவோடத மறுபடி மேல ஏத்துவீங்களா மேடம்?"